முட்டை இல்லாமல் குரோக்கெட்: உடையாமல் பொரிக்க முழு வழிகாட்டி

சேலத்தில் உட்கார்ந்துகொண்டு முட்டை இல்லை என்று சொன்னால் சிரிப்பார்கள். பக்கத்திலேயே நாமக்கல் இருக்கிறது. 1997-இல் தனி மாவட்டமாகப் பிரியும்வரை அந்தக் கோழிப்பண்ணைகள் எல்லாம் சேலம் மாவட்டக் கணக்கில்தான் இருந்தன. ஆனால் எங்கள் வீட்டில் புரட்டாசி முழுக்க முட்டை வாசலைத் தாண்டாது. மற்ற மாதங்களிலும் வெள்ளி, சனி, அமாவாசை, கிருத்திகை என்று கழித்துக்கொண்டே போனால் மிஞ்சுவது கொஞ்ச நாள்தான்.

அப்படி ஒரு புரட்டாசியில், சென்னையிலிருந்து வந்த கொழுந்தனார் பிள்ளைகள் குரோக்கெட் கேட்டார்கள். உருளைக்கிழங்கு மசியலை உருட்டி, ரஸ்க் தூளில் புரட்டிப் பொரிக்கும் பண்டம் அது. குறிப்பில் அடித்த முட்டையில் தோய்க்கச் சொல்லியிருந்த இடத்தில் நான் தண்ணீரில் தோய்த்தேன். முதல் ஈடு எண்ணெயில் இறங்கி அரை நிமிடம்கூட ஆகவில்லை. மேலே இருந்த தூள் கழன்று மிதந்தது, உள்ளே இருந்த உருளைக்கிழங்கு வெடித்துப் பரவியது. அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, “என்ன கண்ணு, உப்புமாவை எண்ணெயில கிளறுறியா?” என்றார். அன்று கரைந்தது அரைக் கிலோ கிழங்கும் முக்கால் லிட்டர் கடலை எண்ணெயும். அதற்கப்புறம் பலமுறை செய்து, கெடுத்து, திருத்தியதுதான் கீழே வருவது.

முட்டை செய்துகொண்டிருந்த வேலை என்ன?

மொறுமொறுவென்று கடிப்பதைக் குறிக்கும் ஒரு பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த பெயர்தான் குரோக்கெட். ஜப்பானியர்கள் இதையே உருளைக்கிழங்கில் செய்து கொரோக்கே என்கிறார்கள். ஸ்பெயினில் உள்ளே உருளைக்கிழங்குக்குப் பதில் கெட்டியான வெள்ளை சாஸ் இருக்கும். நமக்குத் தெரிந்த ரயில் கட்லெட்டும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். அது தட்டை, இது விரல் நீள உருளை, அவ்வளவுதான்.

இதில் முட்டைக்கு இரண்டு வேலை. உள்ளே மசியலைப் பிடித்துவைப்பது ஒன்று, வெளியே தூளை ஒட்டவைப்பது இன்னொன்று. சூடு பட்டதும் முட்டையின் புரதம் இறுகிவிடுவதால் இரண்டையும் ஒரே பொருளால் முடித்துவிடலாம். அது இல்லாதபோது இரண்டுக்கும் ஒரே மாற்றைத் தேடியதுதான் என் தப்பு. உள்ளே தேவைப்படுவது வேறு, வெளியே தேவைப்படுவது வேறு.

உள்ளே முட்டை தேவையே இல்லை என்பது என் கட்சி. வேகவைத்த கிழங்கில் இருக்கும் ஸ்டார்ச்சே போதுமான பசை. அதைக் கெடுப்பது தண்ணீர். மசியல் ஈரமாக இருந்தால் நாம் மாவை அள்ளிப் போடுகிறோம், அப்புறம் வாயில் வைத்தால் களி மாதிரி இருக்கிறது. கிழங்கு காய்ந்திருந்தால் இரண்டு மூன்று மேசைக்கரண்டி மாவே அதிகம்.

வெளியேதான் உண்மையான பசை வேண்டும். அதற்கு மாவுக்கரைசல் போதும். முட்டை இறுகுவதுபோலவே, கரைசலில் உள்ள ஸ்டார்ச்சும் எண்ணெயின் சூட்டில் கூழாகி உடனே காய்ந்து ஓடு கட்டிக்கொள்ளும்.

கிழங்கு: பாதி வெற்றி இங்கேதான்

சூரமங்கலம் உழவர் சந்தையில் நான் முதலில் பார்ப்பது தோலை. நகத்தால் கீறினாலே உரிந்து வருவது புதுக்கிழங்கு. பொரியலுக்கு அது அருமை, ஆனால் நீர்ப்பசை அதிகம், குரோக்கெட்டுக்கு ஆகாது. தோல் அழுத்தமாக, கையில் கனமாக, முளைவிடாமல் இருக்கும் முதிர்ந்த கிழங்கு வேண்டும். பச்சை படிந்ததை எடுக்காதீர்கள். வேகவைத்த கிழங்கு தித்தித்தால் அது குளிர்பதனக் கிடங்கிலோ உங்கள் ஃபிரிட்ஜிலோ நாள்பட இருந்தது என்று அர்த்தம். குளிரில் கிழங்கின் ஸ்டார்ச் சர்க்கரையாக மாறும். பொரிக்கும்போது விரிசல் வழியாக எட்டிப்பார்க்கும் இடமெல்லாம் சட்டென்று கருத்துவிடும்.

வெட்டாமல், தோலோடு, முழுதாக வேகவையுங்கள். தோலைச் சீவித் துண்டு போட்டுக் குக்கரில் வைத்தால் ஒவ்வொரு துண்டும் தண்ணீரைக் குடித்துக்கொள்ளும். நடுத்தர அளவுக் கிழங்குக்குக் குக்கரில் மூன்று விசில். கிழங்கு தண்ணீரில் முங்காமல் தட்டின்மேல் இருந்தால் இன்னும் நல்லது.

ஏற்காட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே உயரம் சுமார் 1,500 மீட்டர். தண்ணீர் 100 டிகிரிக்குப் போகாது, 95 டிகிரி செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும். ஒருமுறை அங்கே உறவினர் வீட்டில் திறந்த பாத்திரத்தில் கிழங்கைப் போட்டுவிட்டு, சேலத்துக் கணக்கில் 25 நிமிடத்தில் இறக்கினேன். வெளியே மெத்தென்று இருந்தது, நடுவில் கத்தி நறுக்கென்றது. அந்த நடுப்பகுதி மசியாமல் கட்டியாக நின்று, ஒவ்வொரு குரோக்கெட்டும் அந்த இடத்திலேயே விரிந்தது. மலைமேல் குக்கரைத்தான் நம்ப வேண்டும். அதிலும் ஒரு விசில் கூடுதலாக விடுங்கள்.

வெந்ததும் சூட்டோடு தோலை உரித்து, இரண்டாகப் பிளந்து, அகலத் தட்டில் பரப்பி மின்விசிறிக்குக் கீழே வையுங்கள். ஆவி பறப்பது நிற்க வேண்டும், தொட்டால் மேலே மாவு படிந்ததுபோல் வறண்டிருக்க வேண்டும். 20 நிமிடம் ஆகும். இந்த 20 நிமிடத்தைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறோம்.

முழுக்க ஆறியதும் கேரட் துருவியில் துருவிவிடுங்கள். கட்டியே இருக்காது. மிக்சியில் மட்டும் போட வேண்டாம். பிளேடு கிழங்கின் செல்களை உடைத்து ஸ்டார்ச்சை வெளியே இழுத்து, ஜவ்வுபோல் ஆக்கிவிடும். அந்தப் பசை உருட்டவும் உதவாது, ருசியும் இருக்காது.

உள்ளே போடும் மாவு

நம் ஊருக்கு இது புதிய வித்தையே இல்லை. கோலா உருண்டைக்கும் வாழைப்பூ கோலாவுக்கும் யார் முட்டை உடைத்தார்கள்? பொட்டுக்கடலைப் பொடிதானே பிடித்துவைத்தது. குரோக்கெட்டுக்கும் என் முதல் தேர்வு அதுதான். ஏற்கெனவே வறுபட்டது என்பதால் பச்சை வாசனை இல்லை, ஈரத்தையும் நன்றாக இழுக்கும். கடலை மாவு போட்டால் பஜ்ஜி வாசனை வந்துவிடுகிறது. பிரெட்டை நனைத்துப் பிழிந்து போடுவது பரவாயில்லை, ஆனால் பிழிவதில் கை தவறினால் மறுபடி ஈரம். கெட்டி அவலை அப்படியே பொடித்துப் போடலாம், நன்றாக இருக்கும். ஆளிவிதையை ஊறவைத்த கூழ் பலர் சொல்வது. ராஜ்மா, பயறு மாதிரி உதிரும் கலவைக்கு அது சரி, உருளைக்கிழங்குக்குத் தேவையில்லாத செலவு.

அடுத்தது எங்கள் ஊர்ச் சரக்கு, மரவள்ளி ஸ்டார்ச். ஆத்தூர் சாலையில் போனால் வெள்ளை வெளேரென்று ஜவ்வரிசி காயும் களங்களைப் பார்க்கலாம். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் வெளிநாட்டு ஜவ்வரிசி வரத்து தடைப்பட்டபோது இங்கே கிழங்கிலிருந்து செய்யத் தொடங்கியதுதான் இந்தத் தொழில். 1981-இல் சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கம் வந்தது, 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இத்தனை பசையை ஊரில் வைத்துக்கொண்டு நான் கார்ன்ஃப்ளார் டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தேன்.

ஆனால் இதை உள்ளே ஒரு மேசைக்கரண்டிக்குமேல் போடாதீர்கள். மரவள்ளி ஸ்டார்ச் வெந்தால் இழுவை கொடுக்கும். கொஞ்சம் கூடினாலும் குரோக்கெட் ரப்பர் பந்து. அதன் இடம் வெளிக்கரைசல்.

ஸ்டார்ச் மாவு கிடைக்காத ஊரில் ஜவ்வரிசியை மிக்சியில் பொடித்துச் சலித்துக்கொள்ளலாம். ஒரு வித்தியாசம் உண்டு. ஜவ்வரிசி செய்யும்போதே அரைகுறையாக வெந்த பொருள், அதனால் பொடி தண்ணீரை அதிகம் குடிக்கும். கரைத்துப் பத்து நிமிடம் வைத்துவிட்டு, தேவைக்கு இன்னும் கொஞ்சம் தண்ணீர் விடுங்கள்.

அளவு: 18 குரோக்கெட்டுக்கு

உருளைக்கிழங்கு அரைக் கிலோ. பொடியாக நறுக்கிய கேரட், பீன்ஸ், பச்சைப் பட்டாணி மூன்றும் சேர்ந்து 150 கிராம். பெரிய வெங்காயம் ஒன்று, பச்சை மிளகாய் இரண்டு, விரல்நுனி அளவு இஞ்சி, கொத்துமல்லித்தழை ஒரு கைப்பிடி. மிளகு ஒன்றரைத் தேக்கரண்டி, அப்போதுதான் இடித்ததாக இருக்கட்டும். சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டத்து மரங்களில் ஏறும் மிளகு கிடைத்தால் கரம் மசாலாவை மறந்துவிடலாம், இல்லையென்றால் அரைத் தேக்கரண்டி கரம் மசாலா. உப்பு ஒரு தேக்கரண்டி. பொட்டுக்கடலைப் பொடி மூன்று மேசைக்கரண்டி.

வெளிக்கரைசலுக்கு மைதா நான்கு மேசைக்கரண்டி, மரவள்ளி ஸ்டார்ச் அல்லது கார்ன்ஃப்ளார் இரண்டு மேசைக்கரண்டி, தண்ணீர் 90 முதல் 100 மில்லி, உப்பு ஒரு சிட்டிகை. புரட்ட 120 கிராம் ரஸ்க் தூள் அல்லது பிரெட் தூள். முதல் புரட்டலுக்குத் தனியாக இரண்டு மேசைக்கரண்டி மைதா. பொரிக்கக் கடலை எண்ணெய்.

ரஸ்க், பிரெட் தூள் பாக்கெட்டில் வாங்கினால் சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். முட்டை சேர்ந்த பண்டத்துக்கு அசைவக் குறிதான் போட வேண்டும். பேக்கரியில் உதிரியாக வாங்கும் ரஸ்க்குக்கு வாயைத் திறந்து கேட்பதுதான் வழி. முட்டை இல்லாமல் எல்லாம் செய்துவிட்டு ரஸ்க்கில் கோட்டைவிடக் கூடாது.

செய்முறை

காயில் இருந்து தொடங்குங்கள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் வெங்காயம், இஞ்சி, மிளகாயை வதக்கி, காய்களைப் போட்டு மூடாமல் வதக்குங்கள். மூடினால் ஆவி தண்ணீராகத் திரும்ப இறங்கும். பட்டாணியைத் தனியாக வேகவைத்திருந்தால் துணியில் ஒற்றிவிட்டுப் போடுங்கள். வாணலியின் அடியில் ஈரம் தெரியாமல் சலசலப்பு அடங்கி வறவற என்ற சத்தம் கேட்க வேண்டும். மிளகும் உப்பும் கடைசியில். முழுதாக ஆறவையுங்கள். சூடான காயைக் கிழங்கில் கொட்டினால், இவ்வளவு நேரம் காயவைத்தது வீண்.

அகலப் பாத்திரத்தில் துருவிய கிழங்கு, ஆறிய காய், கொத்துமல்லித்தழை, பொட்டுக்கடலைப் பொடியில் இரண்டு கரண்டி. சப்பாத்தி மாவு மாதிரி அழுத்திப் பிசையாமல் விரல்நுனியால் கூட்டிச் சேருங்கள். இப்போது எலுமிச்சை அளவு உருட்டி உள்ளங்கையில் லேசாக அழுத்துங்கள். ஓரம் வெடிக்காமல், கையில் ஒட்டாமல் வந்தால் போதும். ஒட்டினால் மூன்றாவது கரண்டிப் பொடி. ஓரம் வெடித்தால் கலவை அதிகமாகக் காய்ந்துவிட்டது, ஒரு தேக்கரண்டி பால் தெளியுங்கள்.

உருட்டும்போது எண்ணெய் தொட்ட கையால், முதலில் இறுக்கமான உருண்டை, அப்புறம் உருளை. நீளம் ஆறரை சென்டிமீட்டர், குறுக்களவு இரண்டரை, எடை 35 கிராம் அளவில் இருந்தால் நடுவரை சூடேறும்போது மேலேயும் சிவந்திருக்கும். மேலே மயிரிழை விரிசல் இருந்தாலும் விரலால் தடவி மூடுங்கள். உள்ளே உருவாகும் ஆவி அந்த இழை வழியாகத்தான் வெளியே வரும்.

பிறகு தட்டில் அடுக்கி அரை மணி நேரம் ஃபிரிட்ஜில். குளிரும்போது கிழங்கின் ஸ்டார்ச் இன்னும் இறுகும். எண்ணெயில் போட்டதும் உள்ளே ஆவி கிளம்பத் தாமதமாகும், அதற்குள் ஓடு கட்டிவிடும். எனக்கு இது தெரிந்திருந்தால் அன்றைக்கு உப்புமா ஆகியிருக்காது.

மூன்று தட்டு

முதல் தட்டில் வெறும் மைதா. குளிர்ந்த குரோக்கெட்டை அதில் உருட்டி, அதிகமானதைத் தட்டிவிடுங்கள். மேலே இருக்கும் ஈரத்தை இது உறிஞ்சிக்கொள்ளும், கரைசல் வழுக்காமல் பிடிக்கும். இரண்டாவது தட்டில் கரைசல். தோசை மாவைவிடக் கொஞ்சம் தளர்வாக, கரண்டியின் முதுகில் பூசினால் வழிந்து ஓடாமல் மெல்லிய திரையாக நிற்க வேண்டும். ரொம்பத் தண்ணியாக இருந்தால் தூள் ஒட்டாது, கெட்டியாக இருந்தால் பஜ்ஜியாகிவிடும். ஸ்டார்ச் தட்டின் அடியில் போய்க் கல்லாக உட்கார்ந்துகொள்ளும் குணம் உள்ளது. ஒவ்வொரு குரோக்கெட்டுக்கும் முன்னால் ஒரு கலக்கு கலக்குங்கள். இதை மறந்தால் முதல் ஐந்து நன்றாக வரும், மிச்சம் எல்லாம் வெறும் வெள்ளைத் தண்ணீரில் குளித்திருக்கும்.

மூன்றாவது தட்டில் தூள். ஒரு கை கரைசலுக்கு, இன்னொரு கை தூளுக்கு. கை மாறினால் விரல்தான் முதலில் குரோக்கெட் ஆகும். இரண்டு முனைகளையும் மறக்காமல் தூளில் அழுத்துங்கள். உடைவது பெரும்பாலும் அங்கேதான். ஒல்லியாகப் பூசியதாகச் சந்தேகம் வந்தால் கரைசலிலும் தூளிலும் இன்னொரு சுற்று. புரட்டியவற்றைப் பத்து நிமிடம் அப்படியே விடுங்கள், தூள் ஈரத்தைக் குடித்து ஒட்டிக்கொள்ளும்.

ரஸ்க் தூளுக்குப் பதில் நொறுக்கிய சேமியா, பொடித்த அவல், கார்ன்ஃப்ளேக்ஸ் எல்லாம் போடலாம். மைதாவே வேண்டாம் என்பவர்கள் அரிசி மாவும் மரவள்ளி ஸ்டார்ச்சும் சம அளவில் கரைத்து, அவல் தூளில் புரட்டட்டும். ஓடு கொஞ்சம் கடினமாக இருக்கும், மொறுமொறுப்பு அதிகம். சேலத்துக்காரி என்ற திமிரில் ஒருமுறை தட்டுவடையை நொறுக்கிப் புரட்டினேன். ருசி பிரமாதம். ஆனால் ஏற்கெனவே பொரித்த பண்டம், உள்ளே சூடேறும் முன்பே மேலே கருகிவிட்டது. ரஸ்க் தூளில் கால் பங்கு கலந்தால் தாங்குகிறது.

பொரிப்பது

குரோக்கெட் முங்கும் அளவுக்கு வடைச்சட்டியில் எண்ணெய் வேண்டும். சூடு 175 முதல் 180 டிகிரி செல்சியஸ். வெப்பமானி இல்லாதவர்கள் ஒரு சிட்டிகை ரஸ்க் தூளைப் போட்டுப் பாருங்கள். உடனே நுரைத்து மேலே வர வேண்டும், ஆனால் போட்ட கையோடு கருகக் கூடாது. அடியில் தங்கிச் சோம்பலாக எழுந்தால் இன்னும் காயவில்லை. காயாத எண்ணெயில் ஓடு கட்டாது, அது ஊறி எண்ணெயைக் குடித்து வெடிக்கும்.

முதலில் ஒன்றே ஒன்றைப் போடுங்கள். அது உடைந்தால் மீதி 17-ஐக் காப்பாற்ற இன்னும் வழி இருக்கிறது: இன்னொரு சுற்றுப் பூச்சு, இன்னும் அரை மணி நேரக் குளிர். அது நின்றால் ஒரு ஈடுக்கு நான்கு. போட்டதும் முக்கால் நிமிடம் ஜல்லிக்கரண்டியால் தொடாதீர்கள். ஓடு அப்போதுதான் கட்டுகிறது. பிறகு மெதுவாகத் திருப்பி, மொத்தம் இரண்டரை முதல் மூன்று நிமிடத்தில் எடுத்துவிடலாம். உள்ளே எல்லாம் ஏற்கெனவே வெந்ததுதான். ஈடுக்கு ஈடு மிதக்கும் தூளை அரித்து எடுங்கள், இல்லையென்றால் அது கருகி அடுத்த ஈட்டில் கறுப்புப் புள்ளியாக ஒட்டும்.

இவ்வளவு செய்தும் விரிந்தால், எங்கே விரிந்தது என்று பாருங்கள். முனையில் என்றால் பூச்சு போதவில்லை. பக்கவாட்டில் நீளமாகப் பிளந்தால் உள்ளே ஈரம், அல்லது மூடாத விரிசல். தூள் மட்டும் தோலாகக் கழன்றால் முதல் தட்டு மைதாவை விட்டுவிட்டீர்கள்.

குச்சிக்கிழங்கில் செய்தால்

மரவள்ளியை எங்கள் பக்கம் குச்சிக்கிழங்கு என்போம். இதில் உள்ளே எந்த மாவும் வேண்டாம். ஆனால் விதி தலைகீழ். உருளைக்கிழங்கை ஆறவைத்துத் துருவினோம், இதைச் சூட்டோடு மசித்தாக வேண்டும். ஆறினால் இறுகிக் கட்டையாகிவிடும். இரண்டு தோலையும் உரித்து, துண்டு போட்டு, திறந்த பாத்திரத்தில் நிறையத் தண்ணீரில் குழைய வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். கசக்கும் கிழங்கு என்றால் சமைக்கவே வேண்டாம். நடு நரம்பை உருவிவிட்டு மசித்து, தேங்காய்த் துருவல், பச்சை மிளகாய், கறிவேப்பிலை சேர்த்து வெதுவெதுப்பாக இருக்கும்போதே உருட்டுங்கள். மற்றதெல்லாம் முன்பு சொன்னதுதான்.

வெள்ளை சாஸ் குரோக்கெட்

ஸ்பெயின் பாணியில் செய்ய 60 கிராம் வெண்ணெயை உருக்கி, 75 கிராம் மைதாவைச் சிவக்காமல் இரண்டு நிமிடம் வறுத்து, அரை லிட்டர் சூடான பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கட்டியில்லாமல் கிளறுங்கள். சிறு தீயில் பத்துப் பன்னிரண்டு நிமிடம். அல்வா பதம்போல் சட்டியைவிட்டுச் சுருண்டு வரும். ஈரமில்லாமல் வதக்கிய காளான் அல்லது சோளமணி 150 கிராம், உப்பு, மிளகு சேர்த்து, தட்டில் பரப்பி, மேலே ஏடு கட்டாமல் தாளை ஒட்டி மூடி, ஒரு ராத்திரி ஃபிரிட்ஜில் வையுங்கள். காலையில் வெட்டி உருட்டலாம். சூடானால் இது மறுபடி கூழாக உருகும், அதுதான் இதன் அழகு. அதனால் கரைசலும் தூளும் கட்டாயம் இரண்டு சுற்று. புதிதாகச் செய்பவர்கள் உருளைக்கிழங்கில் கை பழகிய பிறகு இதற்கு வாருங்கள்.

தொட்டுக்கொள்ள வீட்டில் தக்காளி சாஸ் எடுத்துவைப்பேன், அது தீர்ந்ததில்லை. தட்டுவடை செட்டுக்கு அரைக்கும் சிவப்புக் காரச் சட்னியும் புதினாச் சட்னியும்தான் காலியாகும். விருந்துக்கு முதல்நாளே செய்துவைக்க வேண்டுமானால், தூளில் புரட்டியதோடு நிறுத்தி, ஒன்றோடொன்று ஒட்டாமல் தட்டில் வைத்து ஃப்ரீசரில் இறுகவிட்டு, அப்புறம் டப்பாவில் அடைத்துவிடுங்கள். பொரிக்கும்போது வெளியே எடுத்து உருகவிட வேண்டாம், மேலே வியர்த்துவிடும். அப்படியே 165 டிகிரி எண்ணெயில் ஈடுக்கு மூன்றாகப் போட்டு, ஐந்து நிமிடம் நிதானமாகப் பொரியுங்கள். பொரித்தது மிஞ்சினால் தோசைக்கல்லில் சிறு தீயில் உருட்டி உருட்டிச் சூடு பண்ணுங்கள். மைக்ரோவேவில் வைத்தால் ஓடு ஊறிப்போய்விடும்.